மாதையன் கால் நின்ற இடம்

கடத்தூருக்கும் மொரப்பூருக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பூமிக்கே தெரியாது, ஆனால் மாதையன் காலுக்குத் தெரியும் என்று ஒரு பேச்சு கிளம்பி ஒன்றரை வருஷம் ஆகப் போகிறது. உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீரோட்டம் பார்த்தவர்கள், கவை விட்ட வேப்பங்குச்சியைப் பிடித்துக்கொண்டு பார்த்தவர்கள் எல்லாரும் இப்போது வேறு பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். மாதையனுக்கு ஒரு சாமானும் வேண்டாம். போர்க்கிணறு போடவேண்டிய விவசாயக் கொல்லையில் கொண்டுபோய் விட்டால் போதும். மனுஷன் சின்னச் சின்ன அடியாக எடுத்து வைத்து நடப்பார். ஓரிடத்தில் டக்கென்று நின்றுவிடுவார். அப்புறம் யார் இழுத்தாலும் கால் பெயராது. அங்கே சுண்ணாம்பு போட்டு வட்டம் கட்டிவிட வேண்டியதுதான், போர் வண்டி வந்து இறங்க வேண்டியதுதான்.

இந்தப் பேச்சை நம்பாத ஒரே ஆள் அவர் பெண்டாட்டி தீர்த்தம்மாள். ஊர்ச்சனம் அவரைக் கொல்லையில் மட்டும் பார்க்கிறது, அவள் வீட்டிலும் பார்க்கிறாள், அவ்வளவுதான் வித்தியாசம். கொல்லையில் நிற்கிற அதே கால் பாத்ரூம் வாசற்படியில் நின்றது. அடுப்பங்கரைக்குத் திரும்புகிற முக்கில் நின்றது. காலையில் கட்டிலை விட்டு எழுந்தால் முதல் அடி எடுக்கவே வராமல் தரையோடு பசை போட்டு ஒட்டின மாதிரி நின்றது. நின்ற இடமெல்லாம் ஊற்று என்றால் அந்த வீடு எப்போதோ மிதந்துகொண்டு போயிருக்கும். பாத்ரூம் வாசற்படியில் தண்ணீர் வந்தது என்னவோ வாஸ்தவம்தான். அது பூமியிலிருந்து வரவில்லை, அவர் வேட்டியிலிருந்து வந்தது. துடைத்தவள் தீர்த்தம்மாள்.

எல்லாம் இண்டூரில் ஆரம்பித்த கூத்து. அங்கே ராஜா என்று அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி ஒருவன். அவன் கொல்லையில் போர் போட வண்டி வந்து நின்றிருந்தது. தேங்காய்க்காரர் ஓரிடம் சொன்னார், வேப்பங்குச்சிக்காரர் இன்னோரிடம் சொன்னார், இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை வந்து கைகலப்பு ஆகிற நேரம். விருந்துக்குப் போயிருந்த மாதையன் சும்மா இருக்கமாட்டாமல் வரப்பு ஓரமாக நடந்தவர் நடுவில் அப்படியே நின்றுவிட்டார். கூப்பிட்டார்கள், வரவில்லை. கையைப் பிடித்து இழுத்தார்கள், மேல் உடம்பு வந்தது, கால் வரவில்லை. "கால் வர மாட்டேங்குதுப்பா" என்றார் பாவம். அவர் சொன்னது தன் காலைப் பற்றி. ராஜா அதைக் கேட்டது கொல்லையைப் பற்றி. உடனே அங்கேயே போடு என்றான். போட்டார்கள், தண்ணீர் பீய்ச்சி அடித்தது. அந்த வருஷம் கொட்டின மழைக்கு இண்டூரில் மண்வெட்டியால் கொத்தியிருந்தாலும் தண்ணீர் வந்திருக்கும். அதையெல்லாம் அந்த நேரத்தில் யார் யோசிப்பார்கள்?

மகன் ரஞ்சித்குமார் போர் வண்டிக்கு ஏஜென்ட். எந்த ஊரில் யாருக்குப் போர் வேண்டும் என்று பார்த்து வண்டியைக் கூட்டிவருகிற வேலை. கேட்கவா வேண்டும்? அதுவரை அப்பனைப் பார்த்து ஏன் இப்படி நடுரோட்டில் நிற்கிறீங்க என்று சிடுசிடுத்தவன் மறுநாளே அவருக்குப் புது வேட்டி, மடிப்புக் கலையாத துண்டு, கார் என்று தடபுடல் செய்துவிட்டான். தண்ணீர் வந்த கொல்லையெல்லாம் மாதையன் பேரைச் சொன்னது. வராத கொல்லைகளும் இருக்கத்தான் இருந்தன. அங்கெல்லாம் தப்பு மாதையன் மேல் இல்லை. வீட்டில் தீட்டு இருந்தது, அதைச் சொல்லவில்லை. சுண்ணாம்பு போட்ட இடத்துக்கு ஒரு சாண் தள்ளிக் குழாயை இறக்கிவிட்டார்கள். கொல்லைக்காரனுக்கு நேரம் சரியில்லை. இப்படி ஒவ்வொன்றுக்கும் ரஞ்சித்குமாரிடம் ஒரு சமாதானம் கைவசம் இருந்தது.

தீர்த்தம்மாள் சொல்லிப் பார்த்தாள். அப்பாவுக்கு உடம்பு சரியில்லைடா, சாப்பிட்டதை மறந்துவிட்டு மறுபடி தட்டைக் கேட்கிறார், பேச்சு பாதியில் நின்றுபோகிறது, எந்த நேரத்தில் வேட்டி நனைகிறது என்று அவருக்கே தெரியவில்லை என்றாள். வயசாச்சில்ல என்றான் மகன். வயசானால் மறதி வரும் சரி, வயசானவர்கள் எல்லாரும் ஊர் ஊராகப் போய் நிற்கிறார்களா என்று கேட்டாள். அதுக்குப் பேரு அருள்மா என்றான். அருள் வந்தவரின் வேட்டியைத் துவைக்க ஒருநாளாவது நீ வாடா என்றாள் அவள். அவன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வெளியே போய்விட்டான்.

மாசியில் ஒரு கொல்லையில் நின்றவர் நின்றபடியே பின்பக்கம் சாய்ந்து வரப்பில் விழுந்தார். தலையில் காயம். தர்மபுரியில் ஒரு ஆஸ்பத்திரியில் தையல் போட்டு ஸ்கேன் எடுத்தார்கள். காயத்தால் ஒன்றுமில்லை, மூளைதான் வயசுக்குச் சுருங்கிப் போயிருக்கிறது, சுருங்கின இடத்தில் தண்ணீர் ரொம்பியிருக்கிறது, இதுக்கு வைத்தியம் கிடையாது, பத்திரமாகப் பார்த்துக்குங்க என்று சொல்லி அனுப்பினார் அங்கிருந்த டாக்டர். தீர்த்தம்மாளுக்கு மனசு ஆறவில்லை. மூளை சுருங்கினால் புத்திதானே குறையணும், கால் எதுக்குத் தரையைக் கவ்வுது என்று கேட்டாள். டாக்டர் படத்தை உறையில் போட்டுக் கொடுத்தார். வேண்டுமானால் சேலத்தில் நரம்பு டாக்டரிடம் காட்டுங்கள் என்று ஒரு பேரைச் சொன்னார். கேள்வி கேட்கிற ஆளைப் பக்கத்து ஜில்லாவுக்கு அனுப்பிவிடுவது நம் பக்கத்து வழக்கம்தான். அந்த ஒருதரம் அது நல்லதாகப் போனது.

மொரப்பூரில் ரயில் ஏறி மூன்று பேரும் போனார்கள். ரஞ்சித்குமார் வந்தது அப்பா மேல் இருந்த அக்கறையில் என்று நினைத்துவிடாதீர்கள். கோடை தொடங்கப் போகிறது, போர் போடுகிற காலம் அதுதான், ஆள் கைக்குள் இருக்க வேண்டாமா?

நரம்பு டாக்டர் பேர் கலைமணி. நடுத்தர வயசு, அதிகம் பேசாத பெண்பிள்ளை. நடை எப்படி, மூத்திரம் எப்படி, மறதி எப்படி என்று மூன்றைத்தான் கேட்டார். மூன்றுக்கும் ரஞ்சித்குமாரே முந்திக்கொண்டு பதில் சொன்னான். நடைக்கு ஒன்றும் குறையில்லையாம், அது தெய்வச் செயலாம். மற்ற இரண்டும் கிடையவே கிடையாதாம். தீர்த்தம்மாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"வேட்டி தொவைக்கிறவ நானுங்க. அவனை ஏன் கேக்கறீங்க, என்னைக் கேளுங்க."

அப்புறம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது மாதையன் தலையைக் குனிந்துகொண்டார். அதைப் பார்த்தும் அவள் நிறுத்தவில்லை.

டாக்டர் அவரை வராந்தாவில் நடக்கச் சொன்னார். காலை அகட்டி வைத்து, தரையை விட்டுத் தூக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தார். திரும்புகிற இடத்தில் நின்றுவிட்டார். வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆள், அரூர்ப் பக்கம், எழுந்து ஓடிவந்து இவர் கால்நிக்கிற மாதையன் ஆச்சே என்று கும்பிட்டான். அவர் காலடியில் இருந்த டைல்ஸைக் குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்து வைத்தவர்கள், வராந்தாவிலேயே ஊற்று! ரஞ்சித்குமார் கண்ணும் பழக்க தோஷத்தில் அந்த டைல்ஸுக்கும் சுவருக்கும் எத்தனை அடி என்று அளந்ததைத் தீர்த்தம்மாள் கவனித்தாள்.

தர்மபுரியில் எடுத்த படத்தை டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இதில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்றுதான் தெரிகிறது, அது எப்படி ஓடுகிறது என்று தெரியவில்லை என்றார். மூளை சுருங்கினாலும் இப்படித் தெரியும், தண்ணீர் வடியாமல் தேங்கி மூளையை அமுக்கினாலும் இப்படித் தெரியும். முதலாவது என்றால் நான் செய்யறதுக்கு அதிகமில்லை, இரண்டாவது என்றால் நிறைய இருக்கிறது, ஓட்டத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு எம்.ஆர்.ஐ. எடுத்தால் தெரிந்துவிடும் என்றார். ஊருக்கெல்லாம் நீரோட்டம் பார்த்துச் சொன்ன மனுஷனுக்கு நீரோட்டம் பார்க்கப் போகிறார்கள். தீர்த்தம்மாளுக்கு அந்தக் கவலையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

எம்.ஆர்.ஐ. எடுக்கிற இடத்தில் உடம்பில் இருக்கிற உலோகமெல்லாம் கழற்றச் சொன்னார்கள். மாதையன் இடுப்பில் வெள்ளி அரைஞாண், அதில் ஒரு தாயத்து. அரைஞாணைத் தொட்டதும் அவர் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அரைஞாணை அவிழ்ப்பது பிணத்துக்குத்தான் என்பது அத்தனை மறதியிலும் அவருக்கு மறக்கவில்லை. நான் இன்னும் சாவலையே என்றார். அவள் தன் முந்தானையைக் கிழித்து ஒரு கயிறாக முறுக்கி முதலில் அதை அவர் இடுப்பில் கட்டினாள், அப்புறம்தான் வெள்ளியை அவிழ்த்தாள்.  ரஞ்சித்குமாருக்கு வேறு கவலை. மெஷினுக்குள் இருப்பது காந்தமா என்று அங்கிருந்த டெக்னீசியனைக் கேட்டான். அந்தப் பிள்ளையும் பெருமையாக, சாதாரணக் காந்தமில்லீங்க, ஆளையே தூக்கிப் போடற காந்தம் என்றான். ரஞ்சித்குமார் முகம் செத்துப் போய்விட்டது.

உள்ளே கொஞ்சமும் அசையாமல் படுத்திருக்க வேண்டும், முடியுமா என்று கேட்டார்கள். அசையாம இருக்கறதுக்குத்தானே ஊர்ல இவரை புக்கிங் பண்றாங்க என்றாள் தீர்த்தம்மாள். நாடித்துடிப்போடு சேர்த்துப் படம் பிடிக்க அவர் விரலில் ஒரு கிளிப்பை மாட்டி உள்ளே தள்ளினார்கள். கதவைச் சாத்தின பிறகும் கடகடவென்று இரும்புக் கொட்டகையில் கல் விழுகிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. அவள் வெளியே பெஞ்சில் அரைஞாணைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தாலி கட்டின நாளிலிருந்து அவர் இடுப்பை விட்டு அது இறங்கி அவள் பார்த்ததில்லை. பயமாக இருந்தது.

மறுநாள் டாக்டர் கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக் காட்டினார். மாதையன் தலை நெடுக்காக வெட்டின மாதிரி தெரிந்தது. நடுவில் மெல்லிசாக ஒரு வாய்க்கால். நெஞ்சு ஒவ்வொரு தடவை துடிக்கும்போதும் அதில் தண்ணீர் வெள்ளையாக ஒருபக்கம் பாய்ந்தது, கறுப்பாகத் திரும்பி வந்தது. நல்ல ஆளுக்கு ஓடுவதைவிட ரொம்ப வேகமாக ஓடுகிறது என்றார் டாக்டர். மூளை வெறுமனே சுருங்கியிருந்தால் மேல்பக்கம் மடிப்பெல்லாம் அகண்டு தொளதொளவென்று இருக்கும், இவருக்கு உச்சிப்பக்கம் நெருக்கி இறுகிக் கிடக்கிறது, கீழேதான் குளம் கட்டி நிற்கிறது. ஏரி ரொம்பி மதகில் தண்ணீர் அடித்துக்கொண்டு போகிற மாதிரி, ஆனால் அதை வாங்கிக்கொள்ள வேண்டிய இடம் வாங்கவில்லை. இதற்குப் பேர் ஹைட்ரோகெஃபாலஸ், தலையில் நீர் தேங்குகிற வியாதி, வயசானவர்களுக்கு வருகிற தினுசு இது. கால் தரையில் ஒட்டுவது, மூத்திரம் அடங்காதது, மறதி, மூன்றும் இதனால்தான் என்றார்.

பூமிக்குள்ளே ஆயிரம் அடியில் தண்ணீர் கண்டுபிடித்தவர் என்று பேர் வாங்கின ஆளுக்கு மண்டைக்குள்ளே ஒரு ஏரி இருந்திருக்கிறது, அவர் காலுக்குக்கூடத் தெரியவில்லை.

ஆனாலும் அறுவைக்கு முன்னால் ஒரு சோதனை செய்ய வேண்டும் என்று முதுகுத்தண்டில் ஊசி குத்திக் கொஞ்சம் நீரை எடுத்தார்கள். சாயங்காலம் அவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டுத் தீர்த்தம்மாள் டீ வாங்கப் போனாள். திரும்பி வரும்போது வராந்தாவில் எதிரே ஒரு ஆள் நடந்து வந்தார். காலைத் தூக்கி வைத்து, கையை வீசிக்கொண்டு, திரும்புகிற இடத்தில் நிற்காமல் திரும்பி வந்தார். யாரோ மாதையன் ஜாடையாக இருக்கிறார் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. கிட்டே வந்து டீயை அவள் கையிலிருந்து வாங்கி, சக்கரை போட்டியா புள்ள என்று கேட்டார். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். 

அன்றைக்கு அவர் தெளிவாக இருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து ரொம்ப நாள் கழித்து முழுசாக நாலு வார்த்தை பேசினார்.

"ஊத்தும் இல்ல ஒன்னும் இல்ல. நின்ன எடத்துலயெல்லாம் விழுந்துருவமோன்னு பயந்துதான் நின்னேன். கால் வரலன்னு ஒவ்வொரு தடவையும் சொன்னேன் புள்ள. சொல்லச் சொல்லக் கும்புட்டாங்க."

பக்கத்தில் நின்ற ரஞ்சித்குமார் இதைக் கேட்காதவன் போல போனைத் தட்டிக்கொண்டிருந்தான்.

டாக்டர் எல்லாவற்றையும் தெளிவாகச் சொல்லி அனுப்பினார். ஊசியில் எடுத்ததின் பலன் சில நாளைக்குத்தான், மறுபடி நீர் கட்டும், மறுபடி கால் ஒட்டும். தலையிலிருந்து தோலுக்கு அடியிலேயே வயிற்றுக்கு ஒரு மெல்லிசான குழாய் விட்டால் வேண்டாத நீர் தானாக இறங்கிவிடும். நாளைத் தள்ளிக்கொண்டே போனால் அமுங்கின மூளை அப்படியே அமுங்கிப் போகும், அப்புறம் குழாய் போட்டும் பிரயோஜனம் இருக்காது. காப்பீட்டு அட்டையில் செய்துகொள்ளலாம், வாரக் கடைசிக்குள் வந்து சேருங்கள் என்றார். ரஞ்சித்குமார் தலையைத் தலையை ஆட்டினான். ரயிலில் ஏறினதும் சொன்னான், இந்த மாசம் அறுவைக்கு நாள் ஒன்றும் சரியாக இல்லையாம், சித்திரை கழியட்டுமாம். அப்புறம் ஆஸ்பத்திரியிலிருந்து போனில் கேட்டபோதும் இதையே சொன்னான். அறுவைக்குச் சரியில்லாத அதே நாளெல்லாம் போர் வண்டிக்கு நல்ல நாளாக இருந்ததுதான் ஆச்சரியம்.

ஏனென்றால் ஊரில் சென்றாயன் என்ற விவசாயி காத்திருந்தான். நல்ல உழைப்பாளி, போட்ட போர் எல்லாம் தண்ணீர் வராமல் புழுதிப் புகையாகப் போய், தக்காளிச் செடி கண்ணெதிரில் காய்ந்துகொண்டிருந்தது. அவனைக் குறை சொல்ல முடியாது. வண்டி வந்து கொல்லையில் நின்றது. மாதையனைக் காரிலிருந்து இறக்கினார்கள். ஊரே வரப்பில் நின்றது.

மாதையன் நடந்தார். அடேயப்பா, என்ன நடை! மேற்கு மூலையில் ஏறினவர் கிழக்கு மூலையில் போய்த்தான் திரும்பினார். சென்றாயன் பின்னாலேயே ஓடினான். சுண்ணாம்பைக் கையில் வைத்துக்கொண்டு ரஞ்சித்குமார் அவனுக்குப் பின்னால் ஓடினான். தெற்கு வடக்காக ஒரு நடை, கோணலாக ஒரு நடை. எங்கும் நிற்கவில்லை. எங்கியாச்சும் ஒரு எடத்துல நில்லுங்க மாமா என்று சென்றாயன் அழாத குறையாகக் கெஞ்சினான். எனக்குக் கால் நல்லாயிருச்சுடா சென்றாயா என்று மாதையன் சந்தோஷமாகச் சொன்னார். அதைக் கேட்டு அங்கே சந்தோஷப்பட்ட ஆள் தீர்த்தம்மாள் ஒருத்திதான்.

அன்றைக்குச் சாயங்காலமே சேதி பரவிவிட்டது. சேலத்தில் பெரிய காந்தத்துக்குள்ளே படுக்க வைத்து மாதையன் காலில் இருந்த ஈர்ப்பை உறிஞ்சிவிட்டார்கள். அரைஞாணையும் தாயத்தையும் அவிழ்த்துவிட்டு உள்ளே தள்ளினாளாமே பெண்டாட்டி, அப்புறம் சக்தி எப்படித் தங்கும்? முதுகில் ஊசி போட்டு மிச்சம் மீதியையும் எடுத்துவிட்டார்களாம். இதையெல்லாம் படித்தவர்கள், போனில் உலகத்தையே பார்க்கிறவர்கள் சொன்னார்கள். ரஞ்சித்குமார் யாருக்கும் மறுப்புச் சொல்லவில்லை. ஒருத்தரும் பயப்படாதீங்க, சில நாள்ல திரும்பி வந்துரும்னு டாக்டரே சொல்லியிருக்காங்க என்று வீடு வீடாகப் போய் ஆறுதல் சொன்னான். பொய் என்று சொல்ல முடியுமா? டாக்டர் அதைத்தானே சொன்னார்!

தீர்த்தம்மாள் சண்டை போட்டாள். சோறு ஆக்காமல் இருந்தாள். தனியாகவே கூட்டிப் போகிறேன் என்று கிளம்பினாள், ரஞ்சித்குமார் காப்பீட்டு அட்டையை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டான். நாளுக்கு நாள் மாதையன் அடி குறுகியது. முதலில் பாத்ரூம் வாசலில் தயங்கினார், அப்புறம் அங்கேயே நின்றார். டீக்குச் சக்கரை கேட்பது நின்றுபோனது. ஒருநாள் காலையில் அவள் பேரே அவருக்கு வாயில் வரவில்லை.  சேதி தெரிந்ததும் சென்றாயன் வீட்டில் கற்பூரம் கொளுத்தினார்கள்.

மறுபடி வண்டி. மறுபடி ஊர். சென்றாயன் பெண்டாட்டி சின்னம்மாள் தாம்பாளத்தில் தேங்காய் பழம் வைத்துக்கொண்டு நின்றாள். மாதையன் ரொம்பத் தூரம் போகவில்லை. தேய்த்துத் தேய்த்து நடந்தவர் தக்காளிப் பாத்தியின் ஓரத்தில் நின்றார். உடம்பு முன்னால் ஆடியது, கால் வரவில்லை. வரப்பில் கைதட்டினார்கள். ரஞ்சித்குமார் ஓடிப்போய் அவர் காலடியில் குந்தி உட்கார்ந்து சுற்றிலும் சுண்ணாம்பு போட ஆரம்பித்தான்.

பாதி வட்டம் போட்டிருப்பான். அவன் கை மேலும் சுண்ணாம்பு மேலும் வெதுவெதுப்பாக ஈரம் விழுந்தது. புது வேட்டி நனைந்து கால் வழியாக இறங்கி மண்ணில் ஊறியது. கூட்டம் நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தது. பின்னாலிருந்து ஒருத்தன், பாருங்கடா, சகுனமே தண்ணியா வருது என்றான். சின்னம்மாள் தாம்பாளத்தைக் கீழே வைத்துக் கும்பிட்டாள். ஆமாம், கும்பிட்டாள்.

வரப்பிலிருந்து இறங்கி ஓடிவந்த தீர்த்தம்மாள் மகனுக்குப் பின்னால் வந்து நின்றாள். வாயில் வந்ததையெல்லாம் அவன் தலையில் கொட்ட வேண்டும் என்றுதான் ஓடிவந்தாள். மாதையன் குனிந்து மகனைப் பார்த்தார்.

"ரஞ்சித்து, கூட்டத்துல இப்படி ஆயிப்போச்சேப்பா. என்னை வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரு."

ரஞ்சித்குமார் எழவில்லை. கையில் இருந்த சுண்ணாம்பு நனைந்து விரல் இடுக்கில் வழிந்தது. துவைப்பதும் அம்மா, துடைப்பதும் அம்மா, அதனால் இதுவரை அவன் இதைத் தொட்டதில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுந்தான். சட்டையைக் கழற்றி அப்பா இடுப்பைச் சுற்றிக் கட்டினான். வண்டிக்காரனைப் பார்த்து நீ கெளம்பு என்றான். சென்றாயன் காலில் விழப் போனான், அவனைத் தாண்டிக்கொண்டு அப்பாவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெற்று உடம்போடு வரப்பில் நடந்தான். திட்ட வந்த வார்த்தையைத் தீர்த்தம்மாள் விழுங்கிக்கொண்டாள். அவன் அழுகிறான் என்பது முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

கார் வீட்டுக்குப் போகவில்லை, நேராகச் சேலம் போனது. வழியில் ஒரு கடையில் நிறுத்தி வேட்டி வாங்கினார்கள். டாக்டர் கலைமணி ஒன்றும் திட்டவில்லை. இவ்வளவு சீக்கிரம் சித்திரை முடிஞ்சிருச்சா என்று மட்டும் கேட்டார்.

குழாய் போட்டார்கள். காலும் மூத்திரமும் சரியாயின. மறதி பாதிதான் போனது, மீதி போகலாம், போகாமலும் இருக்கலாம் என்றார் டாக்டர். தலையில் முடி வழித்து, காதுக்குப் பின்னால் தையலோடு, ஒருநாள் மத்தியானம் அவர்கள் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். மகன் ஊருக்குள் தலை காட்ட வெட்கப்பட்டுக்கொண்டு, மருந்து வாங்கி வருகிறேன் என்று கடத்தூரிலேயே இறங்கிவிட்டான்.

இதற்குள் ஊரில் ஒரு காரியம் நடந்து முடிந்திருந்தது. இவர்கள் கொல்லையை விட்டுப் போன கையோடு சென்றாயன் வண்டிக்காரனைப் போகவிடாமல் மறித்து, அந்த ஈரம் காய்வதற்குள் அதே இடத்தில் போர் போட்டான். வெறும் புழுதிதான் வந்தது. பின்னே வருமா? ஆளைத் தூக்கிக்கொண்டு போனபோதே சக்தியையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களே. ரோட்டோரக் குழாயில் குடத்தோடு நின்ற பெண்கள் மாதையன் விறுவிறுவென்று நடந்து போவதைப் பார்த்தார்கள். ஒருத்தியும் சௌக்கியமா என்று கேட்கவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் மாதிரி உச்சுக்கொட்டினார்கள். நல்லா இருந்த மனுஷன், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயி இப்படி ஆக்கிட்டா என்று சின்னம்மாள் சொன்னது தீர்த்தம்மாள் காதில் நன்றாகவே விழுந்தது.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரலாம் என்றுதான் நின்றாள். அதற்குள் அவர் கோயில் முக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார். கையில் துணிப்பை, மருந்துப் பை, ஸ்கேன் படம் போட்ட பெரிய பிளாஸ்டிக் கவர். இத்தனையும் தூக்கிக்கொண்டு அவளால் அந்த நடைக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. மூச்சு வாங்கியது.

"ஏங்க, செத்த நில்லுங்க."

மாதையன் நின்றார். திரும்பிப் பார்த்து, நாலு எட்டு அவளை நோக்கி வந்து, கையிலிருந்த பெரிய பையை வாங்கிக்கொண்டு மறுபடி நடந்தார்.